கவனிக்கக் கற்றுக்கொடுத்த மருத்துவர்

மாண்டிசோரி என்ற பெயரைப் பலகையில் தாங்கிய மழலையர் பள்ளி இல்லாத நகரம் இன்று தமிழ்நாட்டில் அரிது. பெற்றோர் பலருக்கு அது ஒரு பள்ளி வகையின் பெயர்; வண்ண மரக்கட்டைகள், சிறிய நாற்காலிகள், சற்றே கூடுதலான கட்டணம் ஆகியவற்றின் கூட்டுப்பெயர். அப்பெயருக்கு உரியவர் ஒரு மருத்துவர் என்பதோ, மனநோய் விடுதிகளில் அடைபட்டிருந்த குழந்தைகளிடமிருந்தே அவர் தம் கல்விமுறையைக் கற்றார் என்பதோ, இரண்டாம் உலகப் போர்க் காலம் ஏறத்தாழ முழுவதையும் அவர் இந்தியாவில், பெரும்பாலும் சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் கழித்தார் என்பதோ பரவலாக அறியப்படவில்லை.

அவரை இப்போது நினைக்கக் காரணம் உண்டு. ஆட்டிசம் எனப்படும் மதியிறுக்கம் கொண்ட குழந்தைகளுக்கான பயிற்சி மையங்கள் பெருநகரங்களைக் கடந்து சிறு நகரங்களுக்கும் வந்துவிட்டன. அவற்றுள் பல, ஏபிஏ என்ற மூன்றெழுத்தை விளம்பரத்தில் முன்னிறுத்துகின்றன. நடத்தைப் பகுப்பாய்வைப் பயன்பாட்டுக்குக் கொண்டுவரும் முறை அது. அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னரின் ஆய்வுகளில் வேர்கொண்டு 1960-களில் உருப்பெற்றது. குழந்தை எந்தச் சூழலில் எதைச் செய்கிறது, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, செய்த பிறகு அதற்கு என்ன கிடைத்தது என்பவற்றை இடைவிடாது குறித்துக்கொள்வார்கள். பல் துலக்குவதையோ, சட்டைப் பொத்தானைப் போடுவதையோ, வேண்டியதை அழாமல் கேட்பதையோ சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியையும் ஊக்கமளித்துப் பழக்குவார்கள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இதில், குழந்தையின் எதிரே அமரும் மனிதரின் திறமைதான் முழு மருந்தும்.

திருமுக்கூடல் பக்கத்துச் சிற்றூர்களிலிருந்து இத்தகைய மையங்களுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பேருந்து மாறிச் செல்லும் தாய்மார்களை நான் அறிவேன். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுத்தான் அவர்கள் ஒரு மணி நேரப் பயிற்சிக்குச் செல்கிறார்கள். ஓய்வுபெற்ற பேராசிரியர் என்பதால் எந்த மையம் நல்லது என்று என்னிடம் கேட்பார்கள். பொருளாதாரம் கற்பித்தவனுக்கு அதற்கு விடை தெரியாது. ஆனால், திருப்பி ஒன்று கேட்பேன்: உங்கள் குழந்தையோடு உட்காருபவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள், எத்தனை நாள், அவர் வேலை செய்வதை யாராவது பார்க்கிறார்களா? பெரும்பாலும் பதில் இருப்பதில்லை. இப்படிக் கேட்கலாம் என்பதே அவர்களுக்குப் புதிதாக இருக்கிறது. மரியா மாண்டிசோரி தம் வாழ்நாளில் ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடியது இந்தக் கேள்விக்குத்தான்.

இத்தாலியின் அங்கோனா நகருக்கு அருகில் உள்ள கியாரவல்லே என்ற சிற்றூரில் 1870 ஆகஸ்ட் 31 அன்று அவர் பிறந்தார். தந்தை அரசு அலுவலர். தாய் நூல்களை விரும்பிப் படித்தவர். பெண்கள் ஆசிரியை ஆவதே உயர்ந்த இலக்கு என்றிருந்த காலத்தில், அந்த ஒரு தொழில் மட்டும் வேண்டாம் என்று இளம் மரியா உறுதியாக இருந்தார். முதலில் பொறியியல், பிறகு மருத்துவம் என்று அவருடைய விருப்பம் திரும்பியது. ரோம் பல்கலைக்கழகத்தில் ஆண் மாணவர்களோடு சேர்ந்து பிணக்கூறாய்வு செய்வது பெண்ணுக்குத் தகாது என்று கருதப்பட்டதால், எல்லோரும் போன பிறகு மாலையில் தனியாக அந்த அறையில் நின்று அவர் பயின்றார். 1896-இல் மருத்துவப் பட்டம் பெற்றபோது அந்நாட்டின் முதல் பெண் மருத்துவர்கள் சிலருள் ஒருவரானார். அதே ஆண்டில் பெர்லினில் நடந்த பன்னாட்டு மகளிர் மாநாட்டில் இத்தாலியின் பிரதிநிதியாக அவர் பேசியது கல்வியைப் பற்றி அன்று. உழைக்கும் பெண்களுக்கு ஆணுக்கு நிகரான கூலி வேண்டும் என்பதைப் பற்றி. என்னைப் போன்றோருக்கு அவர்மீது மதிப்பு தொடங்கும் இடம் அது.

பல்கலைக்கழக மனநோய் மருத்துவப் பிரிவில் தன்னார்வ உதவியாளராக 1897-இல் சேர்ந்தவர், நகரின் மனநோய் விடுதிகளுக்குச் சென்று நோயாளிகளைத் தேர்வு செய்யும் பணியை ஏற்றார். அங்கே பெரியவர்களோடு குழந்தைகளும் அடைக்கப்பட்டிருந்தனர். அறிவுசார் குறைபாடு, வலிப்பு, காது கேளாமை, ஆதரவின்மை என்று எத்தனையோ காரணங்கள். எல்லோருக்கும் ஒரே அறை. ஒரு விடுதியில் பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் தரையில் கிடந்த ரொட்டித் துணுக்குகளை நோக்கிப் பாய்வதைப் பேராசை என்று காவல்பெண் வெறுப்போடு சொன்னதாகவும், மாண்டிசோரி சுற்றிலும் பார்த்தபோது அந்த அறையில் கையால் தொட்டுப் பார்க்க வேறு பொருளே இல்லை என்பதைக் கண்டதாகவும் அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். பசியன்று, கைகளுக்கு வேலையின்மை. ஒரே காட்சியை இருவர் பார்த்தனர். ஒருத்தி குழந்தையின் குணத்தைக் கண்டாள், மற்றொருத்தி அறையைக் கண்டாள். பிற்காலத்து நடத்தைப் பகுப்பாய்வு வல்லுநர்கள் தம் மாணவர்களுக்கு முதல் பாடமாகச் சொல்வதும் இதைத்தான்: நடத்தைக்குக் காரணத்தைக் குழந்தைக்குள் தேடுவதற்கு முன் அதன் சூழலில் தேடு.

இதற்கு முன்னோடிகள் உண்டா என்று தேடியவர் பிரெஞ்சு மருத்துவர்கள் இருவரைக் கண்டடைந்தார். ஒருவர், காட்டில் தனித்து வளர்ந்து பிடிபட்ட விக்டர் என்ற சிறுவனுக்கு 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல ஆண்டுகள் பொறுமையாகக் கற்பித்த இத்தார். மற்றவர், அவரிடம் பயின்று, அறிவுசார் குறைபாடுடைய குழந்தைகளுக்கென ஒரு பயிற்று முறையையே வகுத்து, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய செகான். இவ்விருவரின் நூல்களையும் மாண்டிசோரி இத்தாலியில் தம் கையாலேயே முழுவதும் பெயர்த்து எழுதினார். அச்சிடுவதற்காக அன்று; ஒவ்வொரு சொல்லையும் நின்று நிதானித்து உள்வாங்குவதற்காக. நகலெடுக்கும் இயந்திரம் வந்த பிறகு மாணவர்கள் இழந்த ஒரு பயிற்சி இது என்று வகுப்பறையில் நான் சொன்னதுண்டு. கேட்டவர்கள் சிரித்ததும் உண்டு.

1900-இல் ரோம் நகரில், இத்தகைய குழந்தைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களைப் பயிற்றுவிப்பதற்கென ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அதன் இணை இயக்குநர்களுள் ஒருவரானார் மாண்டிசோரி. முதல் அணியில் 64 ஆசிரியர்கள். அவர்களுக்கு உடற்கூறு, நரம்பு மண்டலம், உளவியல், குழந்தைகளை அளந்து பதிவு செய்யும் முறை ஆகியவை பாடங்கள். ஆனால், அப்பள்ளியின் உயிர், கூடவே இயங்கிய வகுப்பறைதான். விடுதிகளிலிருந்தும் பள்ளிகளிலிருந்தும் வந்த குழந்தைகள் அங்கே இருந்தனர். பயிற்சி பெறுவோர் அவர்களைப் பார்த்தும் அவர்களோடு பழகியும் கற்றனர். மாண்டிசோரியோ காலை எட்டு மணி முதல் மாலை ஏழு மணி வரை குழந்தைகளோடு இருந்து தாமே கற்பித்தார். இரவில் அன்று கண்டவற்றை எழுதி, ஒப்பிட்டு, மறுநாளுக்கான பொருள்களை வடிவமைத்தார். அந்த இரண்டு ஆண்டுகளே கல்வியியலில் தமக்குக் கிடைத்த உண்மையான பட்டம் என்று பின்னாளில் அவர் கருதினார்.

அக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவருடைய நூலில் உண்டு. பதினொரு வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தையல் கற்பிக்க முயன்றனர். ஊசியைத் துணியில் மேலே ஒரு முறை, கீழே ஒரு முறை என்று கோத்துச் செல்லும் மிக எளிய தையல்கூட அவளுக்கு வரவில்லை. மீண்டும் மீண்டும் தைக்கச் சொல்வதை மாண்டிசோரி நிறுத்தினார். காகிதப் பட்டைகளை மேலும் கீழுமாக நுழைத்துப் பாய் பின்னும் விளையாட்டை அவளுக்குக் கொடுத்தார். அதில் அவள் மனம் பதிந்தது, கை பழகியது. பிறகு ஊசியைக் கொடுத்தபோது தைத்துவிட்டாள். தையலுக்குத் தேவையான அசைவைத் தைக்காமலேயே பழக்க முடியும், ஒரு செயலைச் செய்யச் சொல்வதற்கு முன் அதற்குரிய அசைவுகளைத் தனியே பிரித்து ஆயத்தம் செய்ய வேண்டும் என்று அவர் உணர்ந்தார். எழுதக் கற்பிக்கும் முன் மணல்தாள் எழுத்துகளை விரலால் தடவச் செய்யும் அவருடைய புகழ்பெற்ற முறை இங்கிருந்து வளர்ந்ததே. ஒரு திறனைப் படிகளாகப் பிரிப்பது என்று இன்றைய பாடநூல்கள் சொல்வதும் இதன் உறவுதான். பாடநூலில் அது ஒரு வரி. அந்தச் சிறுமிக்கு எந்தப் படியில் கை நின்றுபோகிறது என்று காண்பதற்கு, தன் எரிச்சலை அடக்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கத் தெரிந்த ஒருவர் வேண்டும்.

அப்பள்ளியின் குழந்தைகளில் சிலர் எழுதவும் படிக்கவும் கற்று, ஏனைய மாணவர்களுக்கான பொதுத்தேர்வையே எழுதி வென்றனர். நாடு வியந்தது. மாண்டிசோரியின் வியப்பு வேறு திசையில் சென்றது. இந்தப் பிள்ளைகள் இவ்வளவு தூரம் வர முடியும் என்றால், குறை ஏதும் இல்லாத பிள்ளைகள் சாதாரணப் பள்ளிகளில் இவர்களுக்குச் சமமாகவே நின்றுவிடுவது ஏன் என்று அவர் கேட்டுக்கொண்டார்.

1901-இல் அவர் அப்பள்ளியை விட்டு விலகினார். உடன் இயக்குநராக இருந்த மருத்துவர் மாண்டசானோவும் அவரும் அன்பு கொண்டிருந்தனர். 1898-இல் மரியோ என்ற மகன் பிறந்தான். திருமணம் நிகழவில்லை. அக்காலச் சமூகத்தில் அச்செய்தி வெளியே தெரிந்தால் ஒரு பெண் மருத்துவரின் தொழில் வாழ்வு அன்றோடு முடிந்திருக்கும். குழந்தை நாட்டுப்புறத்தில் வேறொரு குடும்பத்தில் வளர்ந்தது. தாய் அவ்வப்போது வந்து பார்த்துச் சென்றார். தாய் என்று சொல்லிக்கொள்ளவில்லை. மாண்டசானோ வேறொருவரை மணந்தார். மாண்டிசோரியின் தாயார் 1912-இல் இறந்த பின்னரே, ஏறத்தாழ 15 வயதான மகன் அவரோடு வந்து சேர்ந்தான். உலகமெங்கும் பெற்றோருக்குக் குழந்தையைப் பற்றிச் சொன்னவர், தம் குழந்தையின் முதல் சொல்லையும் முதல் அடியையும் அருகிருந்து காணாதவர். இதை வைத்து அவரைப் பழிப்போர் உண்டு. அந்தப் பழி அக்காலச் சமூகத்துக்கும் உரியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

1907 ஜனவரி 6 அன்று ரோம் நகரின் சான் லொரென்சோ என்ற ஏழை மக்கள் குடியிருப்பில் முதல் குழந்தைகள் இல்லம் திறக்கப்பட்டது. வேலைக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் சுவரைக் கெடுக்காமல் இருக்க வேண்டும் என்பதே கட்டட உரிமையாளர்களின் கவலை. அங்கே பொறுப்பில் அமர்த்தப்பட்டவர் ஆசிரியப் பயிற்சி பெறாத ஓர் இளம்பெண். பழைய ஆசிரியர்களின் பழக்கம் அவரிடம் இல்லாததையே மாண்டிசோரி நன்மையாகக் கொண்டார். இதைச் சுட்டிக்காட்டி, பயிற்சியே தேவையில்லை என்று வாதிடுவோர் ஒன்றை மறக்கின்றனர்: அந்த இளம்பெண்ணின் வேலையை வந்து பார்த்து, என்ன நடந்தது என்று கேட்டு, அடுத்து என்ன செய்யலாம் என்று சொல்ல, குழந்தைகளோடு ஆண்டுக்கணக்கில் உழன்ற ஒரு மருத்துவர் இருந்தார்.

அவ்வில்லத்தில் ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி மர உருளைகளை அவற்றுக்குரிய குழிகளில் பொருத்தி, எடுத்து, மீண்டும் பொருத்திக்கொண்டே இருந்தாள். மாண்டிசோரி எண்ணத் தொடங்கினார். மற்றப் பிள்ளைகளைப் பாடச் செய்தார். அவளை நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். சிறுமி தலைநிமிரவில்லை. 40 முறைக்கும் மேல் செய்துவிட்டுத் தானாகவே நிறுத்தினாள், களைப்பின்றி. எண்ணியதுதான் இங்கே முக்கியம். வியந்து பாராட்டிவிட்டுப் போயிருந்தால் ஒரு நல்ல கதை மட்டும் மிஞ்சியிருக்கும்.

இங்கே ஒரு வேறுபாட்டை மறைக்காமல் சொல்ல வேண்டும். தூண்டலும் பரிசும் நடத்தைப் பகுப்பாய்வு முறையின் அச்சாணிகள். மாண்டிசோரியோ, பதக்கங்களைப் பிள்ளைகள் பொருட்படுத்தாததைக் கண்டு பரிசையும் தண்டனையையும் தம் வகுப்பறையிலிருந்து நீக்கிவிட்டார். இரண்டையும் ஒன்றென்று சொல்வது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. நடத்தைப் பயிற்சியின் தொடக்கக் காலத்தில் சில இடங்களில் உடல் தண்டனையும் பயன்படுத்தப்பட்டது. அதற்கு ஆளானோர் உள்ளிட்ட மதியிறுக்கம் கொண்டவர்கள் வளர்ந்த பிறகு அம்முறைமீது கடும் குறைகளை முன்வைத்துள்ளனர். அவ்விமர்சனங்களுக்குப் பின் அத்துறை வெகுவாக மாறியிருக்கிறது. எந்த முறை சிறந்தது என்பதில் வல்லுநர்கள் வாதிடட்டும். சரியாகப் பழகாத கையில் ஏபிஏ மிட்டாய் காட்டிப் பணிய வைப்பதாகச் சுருங்கிவிடும்; மாண்டிசோரி முறை பொம்மைகளைப் பரப்பி வைத்துவிட்டுச் சும்மா இருப்பதாகச் சுருங்கிவிடும். இரண்டையும் நான் பார்த்திருக்கிறேன்.

1909-இல் அவர் நடத்திய முதல் பயிற்சியில் நூறு பேர் அளவில் சேர்ந்தனர். அவருடைய முறையை விளக்கும் நூலும் அவ்வாண்டே வெளிவந்தது. 1913-இல் ரோம் நகரில் பன்னாட்டுப் பயிற்சி. 1915-இல் சான்பிரான்சிஸ்கோ கண்காட்சியில் கண்ணாடிச் சுவர் வைத்த வகுப்பறை. 1929-இல் பன்னாட்டுச் சங்கம். மருத்துவத் தொழிலையும் பல்கலைக்கழகப் பணியையும் விட்டுவிட்டதால் பயிற்சிக் கட்டணமும் நூல்களுமே அவருடைய வருவாய். ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கும் உரிமையைத் தம்மிடமே வைத்துக்கொண்டார். தம்மிடம் பயின்றோர் குழந்தைகளுக்குக் கற்பிக்கலாம், பிறரைப் பயிற்றுவிக்கலாகாது என்று விதித்தார். ஒரு பொருளியல் மாணவனுக்கு இது பழகிய சிக்கல். உரிமத்தை இறுக்கினால் தரம் நிற்கும்; ஆனால் எண்ணிக்கை குறையும், விலை ஏறும், ஏழையின் தெரு வரை அது வராது. உரிமத்தைத் தளர்த்தினால் பலகை பெருகும், உள்ளீடு கரையும். சான் லொரென்சோவின் ஏழைப் பிள்ளைகளிடம் பிறந்த முறை, அவர் வாழ்நாளிலேயே வசதி படைத்தோரின் முறையாக மாறத் தொடங்கியது. 1931-இல் லண்டனில் அவருடைய பயிற்சிக் கல்லூரியில் உரையாற்றிய காந்தியடிகள், பரம ஏழைகளின் பிள்ளைகளுக்கும் இக்கல்வி கிட்ட வேண்டும் என்ற ஆவலை வெளியிட்டது தற்செயலானதன்று.

தம் முறை பரவ வேண்டும் என்ற வேகத்தில் முசோலினியின் ஆதரவையும் 1920-களில் அவர் ஏற்றார். பள்ளிகளைப் பாசிச ஆட்சி தன் கருவியாக்க முனைந்தபோது உறவு முறிந்தது. 1934-இல் அவர் இத்தாலியை விட்டு வெளியேறினார், பள்ளிகள் மூடப்பட்டன. சர்வாதிகாரியிடம் பத்தாண்டு கழித்தேனும் தலைவணங்க மறுத்தார் என்பதைப் போலவே, பத்தாண்டு பொறுத்திருந்தார் என்பதும் அவர் வாழ்வின் ஒரு பகுதி.

நம் மண்ணுக்கு அவர் வந்த கதைக்கு வருவோம். பிரம்மஞான சபையின் தலைவர் ஜார்ஜ் அருண்டேலும் அவர் துணைவியார் ருக்மிணி தேவியும் விடுத்த அழைப்பை ஏற்று, 1939-இன் இறுதியில் மகன் மரியோவுடன் அவர் சென்னை வந்தார். வயது 69. ஐரோப்பாவில் போர் தொடங்கியிருந்தது. இந்தியாவின் பல பகுதிகளிலிருந்து வந்த 300-க்கும் மேற்பட்டோருக்காக அடையாற்றில் ஓலைக் கொட்டகைகள் எழுந்தன. அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொல்ல, பயில்வோர் குறிப்பெடுத்தனர். கேட்டதோடு பயிற்சி முடியவில்லை. ஒவ்வொரு கருவியையும் எப்படி எடுப்பது, குழந்தையின் முன் எவ்வளவு மெதுவாக வைப்பது, எந்தக் கணத்தில் கையை விலக்கிக்கொள்வது என்று திரும்பத் திரும்பப் பழக வேண்டும். வகுப்பறையின் ஓரத்தில் பேசாமல் உட்கார்ந்து மணிக்கணக்கில் குழந்தைகளைப் பார்த்து எழுத வேண்டும். கற்றவற்றையெல்லாம் படங்களுடன் தன் கையால் ஏடாக எழுதி ஒப்படைக்க வேண்டும். செகானின் நூலைக் கையால் எழுதிக் கற்றவர், தம் மாணவர்களையும் அவ்வாறே கற்க வைத்தார். அவரைப் பொறுத்தவரை ஆசிரியரின் ஆயத்தத்தில் அறிவைவிடக் கடினமானது பொறுமை: குறுக்கிட வேண்டும் என்று துடிக்கும் கையைக் கட்டிப்போடுவது.

1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் தாயும் மகனும் பகை நாட்டுக் குடிகளாயினர். மரியோ காவல் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார். தாய் அடையாறு வளாகத்துக்குள் இருத்தப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் 31, அவருடைய எழுபதாம் பிறந்தநாள். அதற்கான பரிசாக வைஸ்ராய் மரியோவை விடுவித்தார். வெளியுலகுக்கு உறவினராகவும் வளர்ப்பு மகனாகவும் மட்டுமே அறிமுகமாகியிருந்தவர், அந்தச் செய்தியில் மகன் என்றே குறிக்கப்பட்டார் என்பர். 42 ஆண்டுகளாக ஒரு தாய் உரக்கச் சொல்ல இயலாததை ஓர் அந்நிய அரசின் அலுவலகம் எழுதி அனுப்பியது.

போர்க்காலத்தின் நடுப்பகுதியைக் கொடைக்கானலில் கழித்தார். ஊரைவிட்டுப் போக முடியாத அந்த ஆண்டுகளில், பல வயதுப் பிள்ளைகளைக் கொண்ட சிறிய பள்ளி ஒன்றில் பார்த்தவையே, ஆறு வயதுக்கு மேற்பட்டோருக்கான அவருடைய கல்விச் சிந்தனையை உருவாக்கின. செடி, பாறை, பூச்சி, வானம் அனைத்தும் பாடமாயின. அகமதாபாத், கொழும்பு, கராச்சி என்று பயிற்சிகள் தொடர்ந்தன. 1946-இல் ஐரோப்பா திரும்பி, மீண்டும் வந்து, 1949 வரை துணைக்கண்டத்தில் பணியாற்றினார். அவரிடம் இங்கே பயின்றோர் ஆயிரத்துக்கும் அதிகம். அடையாற்று உரைகளிலிருந்து உருவான நூல் 1949-இல் சென்னையிலேயே முதலில் அச்சேறியது. 1952 மே 6 அன்று நெதர்லாந்தின் கடலோர ஊர் ஒன்றில், தம் 81-ஆம் வயதில் அவர் மறைந்தார்.

அவர் விட்டுச்சென்றதில் நாம் எதை எடுத்துக்கொண்டோம்? பெயரை எடுத்துக்கொண்டோம், கருவிகளை ஓரளவு எடுத்துக்கொண்டோம். பயிற்சியின் நீளத்தையும் கண்டிப்பையும் எடுத்துக்கொண்டோர் சிலரே. அவர் யாரிடமிருந்து தொடங்கினாரோ, அந்தக் குறைபாடுடைய குழந்தைகளை அந்தப் பெயர்ப் பலகைகளின் வாசலில் பெரும்பாலும் காண முடிவதில்லை.

பராமரிப்பு வேலையைத் திட்டவட்டமாக வகுத்து, அதற்குரிய கூலியை எழுதி வைப்பது நமக்குப் புதியதன்று. பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலின் வேங்கடேசப் பெருமாள் கோயிலில் 11-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழனின் நீண்ட கல்வெட்டு உள்ளது. அங்கே இயங்கிய கல்விச்சாலையையும், வீரசோழன் என்ற பெயருடைய 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையையும் அது விவரிக்கிறது. நோய் பார்ப்பவர், அறுவை செய்பவர், மூலிகை கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர், நோயாளிகளுக்கு மருந்தூட்டிப் பணிவிடை செய்யும் பெண்கள் என்று ஒவ்வொருவருக்கும் என்ன வேலை, ஆண்டுக்கு எவ்வளவு நெல், எவ்வளவு காசு என்று வரையறுக்கிறது. மருந்தூட்டும் பெண்ணின் ஊதியத்தையும் கல்லில் பொறித்த அந்த நிர்வாகம் எனக்கு வியப்பளிக்கிறது. அவளுக்குரியது ஆண்டுதோறும் வரும் நிலையான ஒதுக்கீடு. இன்று அதே உத்தரமேரூர் வட்டாரம் உள்பட மாநிலமெங்கும் வட்டார வள மையங்களில் மாற்றுத்திறன் குழந்தைகளோடு பணியாற்றும் சிறப்புப் பயிற்றுநர்கள் தொகுப்பூதியத்தில் இருக்கின்றனர். ஒருவர் பல பள்ளிகளைச் சுற்றி வர வேண்டியிருக்கிறது. சற்றுக் கூடுதலாக யாராவது தருவதாகச் சொன்னால் விலகிவிடுகின்றனர். அவரிடம் பழகிய குழந்தை மறுபடி முதல் படியிலிருந்து தொடங்குகிறது.

அமெரிக்கப் பொருளியலாளர் பாமோல், சில உழைப்புகளை வேகப்படுத்த முடியாது என்று 1960-களிலேயே விளக்கினார். நால்வர் வாசிக்கும் இசையை இருவரைக் கொண்டு பாதி நேரத்தில் வாசித்து முடிக்க இயலாது. நெசவும் வார்ப்பும் ஆண்டுதோறும் விரைவாகின்றன. ஒரு குழந்தைக்குப் பொத்தான் போடக் கற்பிக்க ஆகும் நேரம் மாண்டிசோரி காலத்தில் எவ்வளவோ, இன்றும் அவ்வளவே. ஆகவே, இத்தகைய பணி ஏனைய பணிகளைவிட ஒப்பீட்டளவில் செலவு மிகுந்ததாகிக்கொண்டே போகும். அச்செலவை ஏற்க மனமில்லாத அரசுகளும் சந்தையும் ஒரே இடத்தில்தான் கைவைக்கின்றன: பயிற்சிக் காலத்தில்.

ஏபிஏ துறையின் பன்னாட்டுச் சான்றளிப்பு முறையில் அடிநிலைப் பணியாளருக்கு 40 மணி நேர வகுப்பு போதும் என்பது உண்மை. ஆனால் அந்த 40 மணி நேரம், செய்து காட்டும் திறன் சோதனையோடும், மேற்படிப்பும் அனுபவமும் உள்ள ஒருவர் ஒவ்வொரு மாதமும் நேரில் பார்த்துத் திருத்த வேண்டும் என்ற நிபந்தனையோடும் சேர்ந்தே பொருளுடையது. இங்கே விளம்பரங்களில் 40 மணி நேரம் இருக்கிறது, நிபந்தனை காணாமற்போய்விட்டது. அச்சான்றிதழும் 2023 முதல் அமெரிக்கா உள்ளிட்ட சில நாடுகளில் வசிப்போருக்கே என்று சுருக்கப்பட்டுவிட்டதால், புதிதாக வரும் இந்திய இளைஞர்களுக்கு அந்த வழியும் அடைபட்டது. நம்மிடம் 1992-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் இருக்கிறது. மறுவாழ்வுப் பணியாளரின் படிப்புகளை ஒழுங்குபடுத்துவதும் பதிவேட்டைப் பேணுவதும் அதன் கடமை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மதியிறுக்கத்தை 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றிருக்கிறது. சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுடையோருக்கான தேசிய நிறுவனம் இயங்குகிறது. சட்டமும் கவுன்சிலும் நிறுவனமும் இருக்க, காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்த் தாய் ஒருத்திக்கு, தன் குழந்தையின் எதிரே அமர்ந்திருப்பவர் பதிவு பெற்றவரா என்று பார்க்கத் தெரிவதில்லை.

செய்யக்கூடியது எட்டாத தொலைவில் இல்லை. ஒவ்வொரு மையமும் தன் பயிற்றுநர்களின் பெயர், படிப்பு, பதிவு எண், அவர்களை மேற்பார்வையிடுபவரின் பெயர் ஆகியவற்றை வாசலில் தமிழில் எழுதி வைக்க வேண்டும் என்று மாவட்ட நிர்வாகம் ஆணையிடலாம். முட்டுக்காட்டில் உள்ள வல்லுநர்கள் திங்களுக்கு ஒரு முறையேனும் வட்டார வள மையங்களுக்கு வந்து, பயிற்றுநர் வேலை செய்யும்போது உடனிருந்து பார்க்க ஏற்பாடு செய்யலாம். இணையவழியிலும் அது இயலும். தாயையும் அந்த அறைக்குள் உட்கார அனுமதிக்கலாம். வாரத்தில் ஒரு மணி நேரம் மையத்தில் கழியும் குழந்தை, மிச்ச நேரமெல்லாம் இருப்பது அவளோடுதானே. சிறப்புப் பயிற்றுநர்களின் ஊதியம் பற்றி இந்த நிதிநிலை அறிக்கையிலாவது ஒரு வரி வருமா என்று அவர்கள் காத்திருக்கின்றனர். கூடுதல் கட்டடங்களுக்கான அறிவிப்பு எப்படியும் வந்துவிடும்.